தீப்பெட்டியில் ஒரு டெலிபோன் நம்பர்

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் நெடுஞ்சாலையில், பாடியைத் தாண்டியதும் வருவது மண்ணூர்பேட்டை. பக்கத்திலே அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ல் தொடங்கிய பேட்டை அது. பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று அங்கே இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வேலை செய்கிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. ஓர் அறையில் நாலு பேர், ஐந்து பேர் என்று தங்கியிருப்பார்கள்.

அப்படி ஓர் அறையில் ஒருவனுக்கு நடு இரவில் தூக்கம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலே கடன். வீட்டிலே சண்டை. மனம் தாங்கவில்லை. யாரிடம் சொல்வது? பக்கத்தில் படுத்திருப்பவனை எழுப்பிச் சொன்னால், விடிவதற்குள் பேட்டை முழுவதும் தெரிந்துவிடுமே!

அந்த நேரத்தில் அவன் தன் போனில் 14416 என்று ஐந்து எண்களை அழுத்தினால் ஒரு குரல் பேசும். திட்டாது. உபதேசம் செய்யாது. காசும் கேட்காது. தமிழ் தெரியாதவனானால், 20 மொழிகளில் பேச ஏற்பாடு இருக்கிறது.

முன்பின் அறியாத ஒருவரிடம், முகம் பாராமல், போனிலே மனத்தைத் திறந்து சொல்வது! இந்த ஏற்பாட்டை யார் தொடங்கினார்கள்? எங்கே தொடங்கினார்கள்? அந்தக் கதையில் ஒரு ரேடியோக்காரர் வருகிறார். பேசிப் பேசியே பெயர் வாங்கிய அவர், வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தே உயிர்களைக் காக்கப் புறப்பட்டார்.

அவர் பெயர் பெர்னார்ட் மேயஸ்.

லண்டன் சிறுவன்

மேயஸ் 1929-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி லண்டனில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவருக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. வளர்ந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பழங்கால மொழிகளும் சரித்திரமும் படித்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். பிறகு பாதிரியார் ஆனார். 1958-ல் கப்பல் ஏறாத குறையாக மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். சில ஆண்டுகளில் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வந்து சேர்ந்தார்.

பாதிரியார் வேலையோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. லண்டன் பி.பி.சி. வானொலிக்கு அமெரிக்கச் செய்திகளை அனுப்பி வந்தார். நல்ல குரல். கம்பீரமான குரல். கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

செய்திக்காக ஊரைச் சுற்றுகிறவன் கண்ணில் ஊரின் அழகும் படும், அழுக்கும் படும். சான்பிரான்சிஸ்கோ அழகான ஊர். மலை, கடல், பாலம் எல்லாம் உண்டு. ஆனால், அமெரிக்காவிலேயே தற்கொலை மிக அதிகமாக நடந்த நகரங்களில் அதுவும் ஒன்று. செல்வத்துக்குக் குறைவில்லை, வேலைக்கும் குறைவில்லை. அப்படியும் ஏன் இப்படி? ஊரையும் உறவையும் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவர்கள் அங்கே ஏராளம். கூட்டத்துக்கு நடுவே தனி ஆளாக நின்றவர்கள் அவர்கள். (மண்ணூர்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

அந்த ஊரிலே ஆஸ்பத்திரி இருந்தது. போலீஸ் இருந்தது. கோயில்கள் இருந்தன. நடு இரவில் "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று ஒருவன் சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ள மட்டும் ஆள் இல்லை.

தூசு படிந்த டெலிபோன்

மேயஸ் பிறந்த இங்கிலாந்தில் அதற்கு ஆள் வந்துவிட்டிருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

சாட் வாரா என்று ஒரு பாதிரியார். 1935-ல் அவர் இளைஞராக இருந்தபோது, ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கை நடத்தி வைத்தார். அந்தப் பெண்ணுக்கு வயது 14. பெண்களுக்கு இயல்பாக வரும் மாதவிலக்கை, ஏதோ கொடிய நோய் என்று நினைத்து அவள் பயந்துபோனாள். விவரம் கேட்க ஆள் இல்லை. உயிரையே விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு வார்த்தை! "பயப்படாதே, இது எல்லாருக்கும் வருவதுதான்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சாவு சாட் வாராவை விடவே இல்லை. 18 ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பர் 2-ந் தேதி, லண்டனில் தம் தேவாலயத்தில் டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவதற்கு முன் என்னோடு பேசுங்கள் என்று பத்திரிகையில் அறிவித்தார். சுலபமாக மனத்தில் நிற்கும் நம்பராக வேண்டுமே என்று யோசித்து, 9000 என்று முடியும் நம்பரைக் கேட்க நினைத்தாராம். டெலிபோன் மேல் இருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தால், அந்த நம்பரே ஏற்கனவே அதில் எழுதியிருந்ததாம்!

இதைவிட ருசிகரமானது அடுத்து நடந்தது. அவரைப் பார்க்க நேரிலும் கூட்டம் வந்தது. காத்திருந்தவர்களுக்கு டீ கொடுக்கச் சில சாதாரண மனிதர்கள் உதவிக்கு வந்தார்கள். டீயைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் சாட் வாரா ஓர் அதிசயத்தைக் கண்டார். டீ குடித்தபடி பேசித் தீர்த்தவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்காமலே மனம் தெளிந்து போய்விட்டார்கள்!

டீ கொடுத்தவர்கள் மேதைகளா? இல்லை. மனோதத்துவம் படித்தவர்களா? அதுவும் இல்லை. 1954 பிப்ரவரியில் சாட் வாரா டெலிபோனை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். "சமாரிட்டன்ஸ்" என்ற அமைப்பு அப்படிப் பிறந்ததுதான்.

"புரூஸை கூப்பிடுங்கள்!"

இனி சான்பிரான்சிஸ்கோ. 1962.

மேயஸிடம் பணம் இல்லை. நகரத்தில் ஏழைகளும் குடிகாரர்களும் வீடற்றவர்களும் நிறைந்த பகுதியில், ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் சின்ன அறையைப் பிடித்தார். ஒரு சிவப்பு டெலிபோனை வைத்தார். டெலிபோன் வந்துவிட்டது. நம்பரை ஊருக்குச் சொல்வது எப்படி?

அங்கேதான் அவருடைய மூளை வேலை செய்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில், அட்டையை மடித்துச் செய்த சின்னத் தீப்பெட்டிகள் மதுக்கடைகளில் கிடைக்கும். நம் ஊரில் சிவகாசித் தீப்பெட்டிமேல் படம் போடுகிறார்களே, அதுபோல அந்த அட்டையில் விளம்பரம் அச்சடிப்பார்கள். மேயஸ் அதிலே தம் நம்பரை அச்சடித்தார். வாழ்க்கை வெறுத்துவிட்டதா, புரூஸைக் கூப்பிடுங்கள் என்ற பொருளில் ஒரு வரி. கீழே நம்பர். மதுக்கடை மதுக்கடையாகக் கொண்டுபோய் வைத்தார். பஸ்களிலும் விளம்பரம் செய்தார்.

ஒரு பாதிரியார் மதுக்கடையில் விளம்பரம் செய்வதா என்று கேட்கலாம். கோயிலுக்கு வருகிறவனுக்குக் கடவுளாவது துணை இருக்கிறார். தன்னந்தனியாக மதுக்கடையில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைப்பவனுக்கு யார் துணை? அவன் கைக்கு எது வருமோ அதில்தான் நம்பர் இருக்க வேண்டும்.

அது சரி, யார் இந்த புரூஸ்? மேயஸ்தான்! அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. பாதிரியார் என்று சொன்னால் பாவம், புண்ணியம் என்று பேசுவாரோ என்று சிலர் பயப்படுவார்கள். டாக்டர் என்றால் ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவாரோ என்று பயம். புரூஸ் யாரோ ஒரு மனிதர், அவ்வளவுதான்.

முதல் நாள் இரவு மேயஸ் டெலிபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஓர் அழைப்பு வந்தது.

வேறு யாராவது என்றால், இது வேலைக்காகாது என்று மூட்டை கட்டியிருப்பார்கள். மேயஸ் மறுநாளும் உட்கார்ந்தார். மணி அடிக்கத் தொடங்கியது. நாளுக்கு நாள் அழைப்பு பெருகியது. ஓர் ஆளால் முடியவில்லை, தொண்டர்களைச் சேர்த்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1958-லேயே தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்று இருந்தது. ஆனால், அதை நடத்தியவர்கள் மனோதத்துவ நிபுணர்கள். மேயஸ் நடத்தியதோ சாதாரண ஜனங்களின் டெலிபோன். அந்த வகையில் அமெரிக்காவுக்கு அதுதான் முதல். அவர் தொண்டர்களிடம் தேடிய தகுதி ஒன்றுதான்: பிறர் பேசுவதை இடைமறிக்காமல் கேட்கத் தெரிய வேண்டும்.

மௌனம் என்றால் ரேடியோவுக்குப் பயம்

ரேடியோ நிலையத்தில் ஒரு விதி உண்டு. பத்து விநாடி சத்தமில்லாமல் போனால் நிலையமே பதறும். ஏதோ கோளாறு என்று கேட்பவர்கள் ஸ்டேஷனைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே, ஒலிபரப்பாளர் எதையாவது பேசி அந்த இடைவெளியை நிரப்பியே தீர வேண்டும்.

டெலிபோனில் துயரத்தைக் கேட்பவருக்கு விதி நேர் எதிர். அந்தப் பக்கத்தில் ஒருவர் அழுகிறார், பேச்சு நின்றுபோகிறது. ஒரு நிமிஷம் ஆகிறது. இரண்டு நிமிஷம் ஆகிறது. இந்தப் பக்கத்தில் இருப்பவர் பொறுத்திருக்க வேண்டும். "இருக்கிறேன், சொல்லுங்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. அந்த மௌனம் உடைந்த பிறகுதான் உண்மையான பேச்சே வரும்.

பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இது எவ்வளவு கடினம்!

மேயஸுக்கு இது கைவந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் ஓரினச் சேர்க்கையாளர். அந்த நாளில் இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம். 1967 வரை அந்தச் சட்டம் நீடித்தது. திருச்சபையிலும் அதை வெளியே சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் ஒரு ரகசியத்தைப் பூட்டிக்கொண்டு, வெளியே சிரித்துக்கொண்டு நடமாடுவது என்றால் என்ன என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். பின்னாளில் அவர் இதை மறைக்கவில்லை. 2001-ல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் வெளிப்படையாகவே எழுதினார். பாதிரியார் பொறுப்பையும் விட்டு விலகினார்.

வானொலியில் அவர் எட்டிய உயரம் பெரிது. 1969-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கே.க்யூ.இ.டி. எப்.எம். நிலையத்தை முன்னின்று நடத்தினார். 1970-ல் அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி அமைந்தபோது, அதன் நிர்வாகக் குழுவுக்கு முதல் தலைவர் அவரே. பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். புத்தகங்களை ஒலிநாடாவில் வாசித்தார். 1979-ல் ஒலிநாடகமாக வந்த "மோதிரங்களின் தலைவன்" கதையில், கேண்டால்ப் என்ற மந்திரவாதிக் கிழவருக்குக் குரல் கொடுத்தார். 2014 அக்டோபர் 23-ந் தேதி, 85-வது வயதில், அதே சான்பிரான்சிஸ்கோவில் காலமானார்.

அவருடைய குரலை லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். அடித்தள அறையில் அவர் கேட்ட குரல்களோ யாருக்கும் தெரியாதவை. அந்த டெலிபோன் அவருக்குப் பிறகும் ஓயவில்லை. இன்று அமெரிக்கா முழுவதற்கும் 988 என்று மூன்றே எண்களில் உதவி கிடைக்கிறது. அது 2022 ஜூலையில் வந்தது.

நம் சென்னையில்

இந்த அலை நம் பக்கமும் வந்தது. இலங்கையில் 1974-ல் ஜோன் டி மெல் என்ற அம்மையார் "சுமித்ரயோ" என்ற அமைப்பைக் கொழும்பில் தொடங்கினார். சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் "சிநேகா"வைத் தொடங்கினார்.

லட்சுமி விஜயகுமார் மனநல மருத்துவர். மருந்து எழுதித் தரத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர், மருந்து கொடுக்காத, கட்டணம் வாங்காத, டாக்டர்களே தேவைப்படாத ஓர் இடத்தைத் தொடங்கினார் என்பதுதான் விசேஷம். சிநேகாவில் காது கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பயிற்சி பெற்ற பிறகே டெலிபோனைத் தொடுவார்கள்.

1986-ல் நம் ஊரில் எத்தனை வீட்டில் டெலிபோன் இருந்தது? தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். அதுவும் பக்கத்து வீட்டுக் கூடத்தில், நாலு பேர் நடுவிலே இருக்கும். அதில் மனக்குறையைச் சொல்ல முடியுமா? அதனால் சிநேகாவின் கதவு நேரில் வருகிறவர்களுக்கும் திறந்திருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் பார்க் வியூ சாலையில் இருக்கிறது அந்த வீடு.

வேறொரு முட்டுக்கட்டையும் இருந்தது. அது சட்டம். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் குற்றவாளி! ஓராண்டு வரை சிறை. மனம் உடைந்தவனுக்கு ஆறுதல் சொல்வதற்குப் பதில் கேஸ் போட்டார்கள். ஆகவே, வீட்டார் உண்மையை மறைத்தார்கள். "தவறி நடந்துவிட்டது" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உண்மையை மறைத்த இடத்தில் உதவி எப்படிப் போய்ச் சேரும்? இதை மாற்ற வேண்டும் என்று சிநேகாவும் மருத்துவர்களும் பல்லாண்டு வாதாடினார்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை 1-ந் தேதி வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-வது பிரிவே இல்லை.

சிநேகா போனில் கேட்டதோடு நிற்கவில்லை. கேட்டதிலிருந்து பாடம் படித்தது. பரீட்சை முடிவு வந்தால் பிள்ளைகளின் அழைப்பு குவிகிறது. "ஒரு வருஷமே போய்விட்டதே" என்பதுதான் பெரும் கவலை. தோற்றவர்கள் சில வாரங்களிலேயே மறுபடி எழுத வழி செய்யுங்கள் என்று அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். இன்று பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உடனடித் துணைத் தேர்வு இருக்கிறது. வருஷம் போவதில்லை.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் இன்னொரு யோசனையைச் சோதித்தார்கள். பூச்சிமருந்தை வீட்டிலே வைக்காமல், பாங்கு லாக்கர் போல ஊர்ப் பொதுவிடத்தில் ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைப்பது. வயலுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம், திரும்பும்போது வைத்துவிடலாம். உயிரிழப்பு குறைந்தது. 2013-ல் அந்த ஆய்வு வெளியானது. சாகும் எண்ணம் பெரும்பாலும் வெள்ளம் போல வந்து வடிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிட்டால் போதும். டெலிபோன் செய்வதும் அதைத்தான். பூட்டு செய்வதும் அதைத்தான்.

வேலை தீர்ந்துவிடவில்லை. 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மாநிலங்களில் இரண்டாவது இடம். பெருமைப்படுகிற இடம் அல்ல.

அதே 2022-ல், அக்டோபர் 10-ந் தேதி, உலக மனநல நாளன்று, 14416 என்ற எண்ணை மத்திய அரசு தொடங்கியது. "டெலி மானஸ்" என்று பெயர். அந்தத் தேதி மேயஸின் பிறந்த நாளும்கூட. யாரும் திட்டமிட்டது அல்ல. தற்செயலாகப் பொருந்தி வந்தது. தமிழ்நாடு இந்த எண்ணோடு "நட்புடன் உங்களோடு" என்று பெயர் வைத்துச் சேவையைத் தொடங்கியது. நட்பு என்றாலும் சிநேகம் என்றாலும் ஒன்றுதானே!

வீட்டில் ஒருவர் சொன்னால்...

"நான் இருந்து யாருக்கு லாபம்?" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், "சும்மா பயமுறுத்துகிறான்" என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. உயிரை விட்டவர்களில் பலர், முன்னதாகவே ஏதோ ஒரு வகையில் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

"சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் விஷயம். கேட்டதும் பாரம் இறங்கிப் பெருமூச்சு விட்டவர்களே அதிகம்.

கேட்டுவிட்டு என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்காரலாம். "உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா?" என்ற பிரசங்கம் மட்டும் வேண்டாம். சோற்றைப் போட்டுக் கொடுத்து, சொல்வதைக் கேட்கலாம். அபாயமான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்கலாம். தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போகலாம். நமக்குக் கைமீறிப் போகிறது என்று தோன்றினால் நாமே போன் செய்து விசாரிக்கலாம். துயரப்படுகிறவர்தான் பேச வேண்டும் என்பதில்லை.

டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. சிநேகாவின் எண் 044-24640050.